நொதியைத் தடுத்தால் மருந்தாகிவிடுமா?

முதுகலை வேதியியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. ஒரு நொதியின் முப்பரிமாண அமைப்பைக் கணினியில் வைத்து, அது வேலை செய்யும் இடமான குழிக்குள் நன்றாகப் பொருந்தும் சில மூலக்கூறுகளைக் கண்டுபிடித்திருக்கிறார். இப்படிப்பட்ட மூலக்கூறுகள் புற்றுநோய்க்கும் பாக்டீரியாத் தொற்றுக்கும் மருந்தாகலாம் என்று பல ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருக்கிறார். இரண்டும் முற்றிலும் வேறு நோய்களாயிற்றே, ஒரே வகை மூலக்கூறு இரண்டுக்கும் எப்படி உதவும், குழியில் பொருந்தினால் மட்டும் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. நொதியை நிறுத்துவது இந்தத் துறையில் எளிய பாதி. எந்தச் செல்லில் உள்ள நொதியை நிறுத்துகிறோம், அந்தச் செல்லுக்குள் மூலக்கூறு போய்ச் சேருமா, சேர்ந்தாலும் உள்ளே தங்குமா என்பவைதான் கடினமான பாதி. அந்தக் கடினம் பாக்டீரியாவில் ஓரிடத்திலும் புற்றுநோயில் வேறோரிடத்திலும் இருக்கிறது. ஒரே ஒரு நொதியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். பெயர் நீளம் என்பதால் டி.எச்.எஃப்.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறேன். ஃபோலிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த டைஹைட்ரோஃபோலேட்டை டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக ஒடுக்குவது, அதாவது ஹைட்ரஜன் சேர்த்து மாற்றுவது, இதன் வேலை. அது கிடைக்காவிட்டால் டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமிடின் உற்பத்தி நின்றுபோகும். தைமிடின் இல்லாமல் எந்தச் செல்லும் தன் டி.என்.ஏ.வை நகலெடுத்து இரண்டாகப் பிரிய முடியாது. புற்றுநோய்ச் செல்லும் ஓயாமல் பெருகுகிறது, பாக்டீரியாவும் ஓயாமல் பெருகுகிறது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. நோய்கள் வேறு என்றாலும் இரண்டிலும் நாம் நிறுத்த விரும்புவது பெருக்கத்தை. பெருக்கத்தை நடத்தும் அடிப்படை நொதிகள் பரிணாமத்தில் மிகப் பழையவை, அவற்றின் உறவு நொதிகள் பாக்டீரியாவிடமும் இருக்கின்றன, நம்மிடமும் இருக்கின்றன.

1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, ஆனால் அதன் வேலையைச் செய்யாத மூலக்கூறுகளைத் தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாகச் சொல்லியிருந்தார். அந்தக் குழந்தைகளுக்கு அதுவரை மருத்துவத்தால் தர முடிந்தது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் பத்தின் மதிப்பு தெரியும். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இவையெல்லாம் உருவானபோது டி.எச்.எஃப்.ஆர். என்ற நொதியே இன்னும் அடையாளம் காணப்படவில்லை. தளப்பொருளின் (நொதி பிடித்து மாற்றும் பொருளின்) உருவத்தைக் கொஞ்சம் மாற்றி நொதியை ஏமாற்றலாம் என்ற யோசனை முதலில் வந்தது, நொதி அப்புறம்தான் வந்தது.

ஃபோலிக் அமிலத்துக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வளையத்தில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி, பக்கத்தில் உள்ள ஒரு நைட்ரஜனில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி, அவ்வளவுதான். ஆனால் நொதியோடு பிணையும் வலிமை பிகோமோலார் அளவுக்குப் போய்விடுகிறது. அதாவது நொதி அதைப் பிடித்தால் லேசில் விடாது. 1970களில் படிக ஆய்வு மூலம் நொதியும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்திருக்கும் அமைப்பு தெரியவந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டின் வளையம், இயல்பான தளப்பொருளின் வளையம் உட்காரும் திசையில் உட்காரவில்லை. 180 பாகை திரும்பி உட்கார்ந்திருந்தது. அமினோ தொகுதி சேர்ந்ததும் வளையம் எளிதாக ஒரு புரோட்டானை ஏற்கிறது, குழிக்குள் இருக்கும் எதிர்மின் அமிலத்தோடு கெட்டியாகச் சேர்கிறது, அதற்காகத் திரும்பியும் கொள்கிறது. தளப்பொருளைப் போல இருக்கிறது, ஆகவே அதே மாதிரிதான் உட்காரும் என்று அனுமானிப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம். ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் இதே நொதியை பாக்டீரியாவில் மட்டும் தடுக்க முடியுமா என்று தேடினார்கள். அந்தத் தேடலில் வந்தது டிரைமெத்தோப்ரிம். மனித டி.எச்.எஃப்.ஆருக்கும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் டி.எச்.எஃப்.ஆருக்கும் புரதம் மடிந்திருக்கும் விதம் ஏறக்குறைய ஒன்று, செய்யும் வேலையும் ஒன்று. அமினோ அமில வரிசை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒத்துப்போகும். குழியின் சுவர்களில் உள்ள அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளை டிரைமெத்தோப்ரிம் பயன்படுத்திக்கொள்கிறது. மனித நொதியைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாக அது பாக்டீரிய நொதியில் பிணைகிறது. ஒரே நொதி, ஒரே உத்தி, ஒன்று புற்றுநோய் மருந்து, இன்னொன்று பாக்டீரியா மருந்து. இந்தச் சிந்தனை முறைக்காக இருவருக்கும் 1988ல் ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மனித நொதியை மட்டுமல்ல, ஈ. கோலையின் நொதியையும் மிக வலுவாகப் பிடிக்கும். அப்படியானால் அது ஈ. கோலையையும் கொல்ல வேண்டுமே? கொல்வதில்லை. மனித செல்களின் மேற்பரப்பில் ஃபோலேட்டை உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதம் இருக்கிறது, மெத்தோட்ரெக்ஸேட் அதன் வழியாகவே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஈ. கோலை தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானே தயாரித்துக்கொள்வதால் அப்படி ஒரு வாசல் அதனிடம் இல்லை. தப்பித்தவறி உள்ளே நுழைந்த கொஞ்ச மெத்தோட்ரெக்ஸேட்டையும் டோல்சி என்ற குழாய்ப் புரதத்தைக் கொண்ட வெளியேற்று பம்புகள் வெளியே தள்ளிவிடுகின்றன. டோல்சி மரபணுவை நீக்கிய ஈ. கோலையை எடுத்துச் சோதித்தால் மெத்தோட்ரெக்ஸேட் அதைத் தாக்குகிறது. நொதி மாறவில்லை, பிணைப்பு மாறவில்லை. உள்ளே தங்க முடிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் மாறியது. கணினியில் நீங்கள் பார்த்த குழியில் இந்த விஷயம் எங்குமே எழுதியிருக்காது.

பாக்டீரிய மருந்து வடிவமைப்பின் பெரிய துயரமே இதுதான். 1995 முதல் 2001 வரை கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் பாக்டீரியாவுக்கு எதிராக 70 பெரும் தேடல்களை நடத்தியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனித்தனி நொதி இலக்குகளை எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்துப் பார்த்தவை. மேற்கொண்டு மருந்தாக வளர்க்கத் தகுந்தவையாக மிஞ்சியவை 5 மட்டுமே. 2007ல் அவர்களே இதை வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. சோதனைக் குழாயில் நொதியைத் தடுக்கும் மூலக்கூறுகள் கிடைக்காமல் இல்லை. அவை பாக்டீரியாவுக்குள் போகவில்லை என்பதே பெரும் சிக்கல். குறிப்பாக ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச் சவ்வில் உள்ள போரின் என்ற துளைகள் சிறிய, நீரில் கரையும் மூலக்கூறுகளை மட்டுமே அனுமதிக்கும். உட்சவ்வைக் கடக்க வேண்டுமானால் ஓரளவு கொழுப்பில் கரையும் தன்மை வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள். 2017ல் பால் ஹெர்கன்ராதரின் குழு ஈ. கோலைக்குள் எவை சேர்கின்றன என்று நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை வைத்து அளந்து, ஒரு முதல்நிலை அமீன் இருக்க வேண்டும், உருவம் தட்டையாக இருக்க வேண்டும், அதிகம் நெளியக்கூடாது என்று சில வழிகாட்டுதல்களைத் தந்தது. விதி என்று சொல்ல முடியாது, ஆனால் இருட்டில் தடவுவதைவிட எவ்வளவோ மேல்.

புற்றுநோய்ப் பக்கம் இந்தச் சுவர் இல்லை. அங்கே பிரச்சினை தலைகீழ். மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்ச் செல்லின் டி.எச்.எஃப்.ஆரைத் தடுக்கும்போது எலும்பு மஜ்ஜையில், குடலின் உட்பரப்பில், வாயில் உள்ள நல்ல செல்களின் டி.எச்.எஃப்.ஆரையும் தடுக்கிறது. நொதி நம்முடையதேதான், வித்தியாசம் காட்டவே இடமில்லை. அதனால்தான் அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தபின் லூக்கோவோரின் என்ற ஒடுக்கப்பட்ட ஃபோலேட்டைக் கொடுத்து நல்ல செல்களைக் காப்பாற்றுகிறார்கள். வேகமாகப் பெருகுவது ஒன்றை மட்டும் அடையாளமாகக் கொண்ட மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இந்த நிலையை மாற்றியது இமாட்டினிப் என்ற மருந்து. நாட்பட்ட மைலாய்டு லுகீமியாவில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒட்டுப்போட்ட கைனேஸ் நொதி உருவாகிறது. கைனேஸ் என்பது ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறில் ஒட்டும் நொதி. பி.சி.ஆர்.-ஏ.பி.எல். நல்ல செல்களில் இல்லாதது, நோய்க்கு நேரடிக் காரணம். ஆனால் மனித உடலில் கைனேஸ்கள் 500க்கும் மேல், எல்லாமே ஏ.டி.பி.யைப் பிடிக்கும் ஒரே மாதிரிக் குழி கொண்டவை. ஒன்றை மட்டும் தடுப்பது நடக்காத காரியம் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். இமாட்டினிப்பின் பிறப்பு வேறொரு கைனேஸைத் தடுத்த ஒரு சாதாரண மூலக்கூறிலிருந்து தொடங்கியது. ஒரு வளையத்தில் சரியான இடத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் அந்தப் பழைய கைனேஸின் மீதான விளைவு மறைந்துபோனது, நமக்கு வேண்டிய ஏ.பி.எல். மீதான விளைவு அப்படியே நிலைத்தது. அப்புறம் நீரில் கரைவதற்காகவும் வாய்வழி கொடுப்பதற்காகவும் ஒரு மெத்தில்பைப்பரசீன் துண்டைச் சேர்த்தார்கள். 2001ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில வருடங்களே வாழ்வார்கள் என்று கருதப்பட்ட நோயாளிகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். வடிவமைப்பு என்ற உழைப்புக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இமாட்டினிப் கற்றுத்தரும் இன்னொரு பாடம் கணினி வேலை செய்பவர்களுக்கானது. எஸ்.ஆர்.சி. என்ற கைனேஸ் ஏ.பி.எல்.லுக்கு மிக நெருங்கிய உறவு. இமாட்டினிப் தொடும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஏறக்குறைய அதேதான். ஆனாலும் எஸ்.ஆர்.சி.யோடு அது ஆயிரம் மடங்குக்கும் மேல் பலவீனமாகவே பிணைகிறது. நொதி அசையாத ஒரு கல் அல்ல. பல தோற்றங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருப்பது. இமாட்டினிப் பிடிப்பது செயல்படாத நிலையில் உள்ள தோற்றத்தை. அந்தத் தோற்றத்துக்குப் போகவும் பிணைந்தபின் இறுகவும் ஏ.பி.எல்.லுக்கு எளிது, எஸ்.ஆர்.சி.க்கு எளிதல்ல. ஒரு படிக அமைப்பை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்த்தால் இது கண்ணில் படாது.

சரி, வலுவாகப் பிணையும் மூலக்கூறை யோசித்துக் கண்டுபிடிப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த வழியைச் சொல்கிறேன். நொதி தன் தளப்பொருளையோ விளைபொருளையோ மிக வலுவாகப் பிடிப்பதில்லை, இரண்டுக்கும் நடுவில் கணநேரம் மட்டும் தோன்றும் உச்ச நிலையைத்தான் மிக வலுவாகப் பிடிக்கிறது என்று லினஸ் பாலிங் 1940களிலேயே சொன்னார். அப்படியானால் அந்த உச்ச நிலையின் சாயலில் ஒரு நிலையான மூலக்கூறைச் செய்துவிட்டால் நொதி அதை விடவே விடாது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் வெர்ன் ஷ்ராம் செய்தது இதைத்தான். தளப்பொருளில் ஒவ்வோர் அணுவையும் கனமான ஐசோடோப்பாக மாற்றி, வினையின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அந்தக் கணநேர நிலையில் எந்தப் பிணைப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது, மின்சுமை எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார். அந்தப் படத்தை வைத்து, நியூசிலாந்து வேதியியலாளர்களோடு சேர்ந்து பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்பாரிலேஸ் என்ற நொதிக்கு ஒரு தடுப்பானைச் செய்தார்கள். சர்க்கரை வளையத்தின் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் வைத்தால் அது நேர்மின்சுமை ஏற்று உச்ச நிலையைப் போல நடிக்கும். உடைய வேண்டிய கார்பன்-நைட்ரஜன் பிணைப்புக்குப் பதில் உடையாத கார்பன்-கார்பன் பிணைப்பு. ஃபோரோடெசின் என்ற அந்த மருந்து நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் வரும் சில லிம்போமா புற்றுநோய்களுக்காக 2017ல் ஜப்பானில் அனுமதி பெற்றது. பிறவியிலேயே இந்த நொதி இல்லாத குழந்தைகளிடம் டி செல்கள் மட்டும் குறிப்பாகக் குறைந்திருப்பது 1975லேயே கண்டறியப்பட்டிருந்தது. இலக்கு சரியா என்பதை இயற்கையே முன்கூட்டிச் சோதித்துக் காட்டியிருந்தது.

இதே குழு இதே வேதியியலை பாக்டீரியாப் பக்கமும் கொண்டுபோனது. எம்.டி.ஏ.என். என்ற பாக்டீரிய நொதியும் எம்.டி.ஏ.பி. என்ற மனித நொதியும் ஒரே தளப்பொருளைக் கையாளுகின்றன. ஒரே மூலக்கூறுச் சட்டத்தில் சிறு மாற்றங்களோடு முதலாவதை பாக்டீரிய மருந்துக்காகவும் இரண்டாவதைப் புற்றுநோய்க்காகவும் ஆராய்ந்தார்கள். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, மெனாகுவினோன் என்ற வைட்டமின் கே வகைப் பொருளைத் தயாரிக்க எம்.டி.ஏ.என். நொதியையே நம்பியிருக்கிறது. குடலில் வாழும் பல பாக்டீரியாக்கள் அந்தப் பாதையைப் பயன்படுத்துவதில்லை. அதனால் தடுப்பான் பைலோரியை மட்டும் குறிவைக்கிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. நீங்கள் படித்த கட்டுரைகளில் 'புற்றுநோய்க்கும் பாக்டீரியாவுக்கும்' என்று சேர்த்து எழுதியிருப்பதற்கு இப்படி நியாயமான காரணம் இருக்கலாம். எந்த நொதி என்றே சொல்லாமல், ஒரே மூலக்கூறு புற்றுநோய்ச் செல்லையும் கொன்றது, பாக்டீரியாவையும் கொன்றது என்று மட்டும் எழுதியிருந்தால் கவனமாகப் படியுங்கள். எல்லாவற்றையும் கொல்லும் பொருளுக்கு நஞ்சு என்றுதான் பெயர்.

உச்ச நிலையைப் போல நடிக்கும் இன்னொரு தனிமம் போரான். தட்டையாக இருக்கும் போரான், நொதியின் ஹைட்ராக்சில் தொகுதியைச் சந்தித்ததும் அதோடு பிணைந்து நான்முகி வடிவத்துக்கு மாறிவிடும். செல்லுக்குள் வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டெசோமிப், மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக 2003ல் வந்தது. பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் பீட்டா லாக்டமேஸைத் தடுக்கும் வேபோர்பாக்டம், மெரோபெனெம் என்ற பாக்டீரியா மருந்தோடு சேர்ந்து 2017ல் வந்தது. இரண்டு நோய்கள், இரண்டு நொதிகள், வேதியியல் தந்திரம் ஒன்றே.

எதிர்ப்புத் திறன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1978ல் ராபர்ட் ஷிம்கியின் குழு, மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அடங்காத செல்கள் டி.எச்.எஃப்.ஆர். மரபணுவையே பல நகல்களாகப் பெருக்கிவைத்திருப்பதைக் காட்டியது. பாக்டீரியாக்கள் டிரைமெத்தோப்ரிமுக்குக் கட்டுப்படாத வேறொரு டி.எச்.எஃப்.ஆரை பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் மூலம் வாங்கிக்கொள்கின்றன. இமாட்டினிப் விஷயத்தில் நொதியின் 315ஆம் இடத்தில் இருந்த திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறியது. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போனது, அந்த இடத்தில் ஒரு புடைப்பும் வந்தது. பல வருடங்கள் கழித்து, அந்தப் புடைப்பின் ஓரமாக நுழைந்துபோக மெலிந்த ஒரு கார்பன்-கார்பன் மும்மைப் பிணைப்பை வைத்துப் பொனாட்டினிப் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2021ல் அனுமதி பெற்ற அசிமினிப் அந்தக் குழியையே விட்டுவிட்டு, நொதியின் வேறொரு பக்கத்தில் உள்ள குழியில் உட்காருகிறது. என் கருத்தில் எதிர்ப்பை முதல் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். நொதி தன் வேலையைச் செய்ய எந்த அமினோ அமிலங்களை மாற்றவே முடியாதோ, அவற்றையே தடுப்பான் அதிகம் நம்பியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணினி முடிவுகள். பிணைப்பு வலிமை 10 மடங்கு கூட வேண்டுமானால் அதற்கு ஈடான ஆற்றல் சுமார் 1.4 கிலோகலோரிதான். பொருத்திப் பார்க்கும் மென்பொருள்கள் தரும் மதிப்பெண்ணில் சாதாரணமாகவே 2 கிலோகலோரி அளவுக்குப் பிழை இருக்கும். ஆகவே மைனஸ் 9.2 வந்த மூலக்கூறு மைனஸ் 8.7 வந்ததைவிடச் சிறந்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மதிப்பெண் பட்டியல் எதை முதலில் வாங்கிச் சோதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க உதவும், அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

அடுத்து என்ன செய்யலாம் என்றால், முதலில் தூய்மையான நொதியை வைத்துத் தடுப்பை அளந்து பாருங்கள். அந்தச் சோதனையில் கொஞ்சம் டிரைட்டன் போன்ற டிடர்ஜென்ட் சேர்த்தும் சேர்க்காமலும் செய்யுங்கள். பல மூலக்கூறுகள் நீரில் திரண்டு கூழ்மத் துகள்களாகி எந்த நொதியையும் ஒட்டவைத்துத் தடுத்துவிடும். டிடர்ஜென்ட் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அந்த மூலக்கூறை விட்டுவிடலாம். இலக்கு கைனேஸ் என்றால் ஏ.டி.பி. செறிவை உயர்த்தியும் அளக்க வேண்டும். செல்லுக்குள் ஏ.டி.பி. மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது, சோதனைக் குழாயில் மைக்ரோமோலார் அளவில் வைத்து எடுத்த நல்ல எண் அங்கே கரைந்துபோகும். பாக்டீரிய இலக்கு என்றால் மனிதனில் உள்ள உறவு நொதியையும் அதே நாளில் அதே நிபந்தனையில் சோதியுங்கள். பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்று தெரிந்தாலும் உடனே தூக்கிப்போட வேண்டாம், டோல்சி நீக்கிய ஈ. கோலையிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் குழி சரி, இனித் திருத்த வேண்டியது மூலக்கூறின் நுழைவை. அங்கேயும் செய்யாவிட்டால் இலக்கையே மறுபடி யோசிக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்லைக் கொன்றால், இலக்கு நொதியின் மரபணுவை நீக்கிய செல்லையும் அதே அளவில் கொல்கிறதா என்று பாருங்கள். கொன்றால் அது வேறெதையோ தாக்குகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைகளின் எண்களோடு வந்தால், மூலக்கூறின் எந்தப் பகுதியை மாற்றலாம் என்று உட்கார்ந்து பேசலாம்.